நாற்பத்தொரு நிழல்கள்

கடைசிப் பாறு செத்து விழுந்த மறுநாளும் சடையம்புதூர்ப் பாறைக்குழியின் மேல் நாற்பத்தொரு நிழல்கள் வழக்கம்போல வட்டமிட்டன. அது 1995ஆம் வருஷம், பங்குனி பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை. அண்ணாந்து பார்த்தால் வானத்தில் ஒன்றுமில்லை. மதுக்கரைப் பக்கமிருந்து அடித்த காற்றில் வெள்ளைத் தூசி மட்டும் இருந்தது. குனிந்து பார்த்தால் தரையில் நிழல் ஓடியது. இறக்கை விரித்த நிழல், ஒவ்வொன்றும் ஏழடி அகலம். முதலில் பார்த்தவர்கள் வெள்ளாடு மேய்த்த பெண்கள். பதினோரு மணிக்குள் ஊரே வந்து பார்த்தது. ஒருவர் கல்லை விட்டெறிந்தார், கல் நிழலுக்குள் விழுந்து கல்லாகவே கிடந்தது. நேரமானால் கறி தீர்ந்துவிடும் என்று எல்லோரும் திரும்பிப் போனார்கள். அந்த வாரம் மக்காச்சோளம் விலை இறங்கியிருந்ததால் அதைப் பற்றித்தான் பேச்சு கூடுதலாக இருந்தது.

பாறு என்பது பிணந்தின்னிக் கழுகு. ஊரில் வெறுமனே கழுகு என்பார்கள். தலையிலும் கழுத்திலும் முடி கிடையாது, செத்ததைத் தவிர வேறெதையும் தொடாது. அவற்றோடு பழக்கம் வைத்திருந்த ஒரே ஆள் மாரப்பன். ஊரில் யார் தோட்டத்தில் மாடு செத்தாலும் அவனுக்குத்தான் சொல்லிவிடுவார்கள். அவன் அப்பனுக்கும் அப்படித்தான் சொல்லிவிட்டார்கள். செத்த மாட்டை வண்டியில் போட்டுப் பாறைக்குழிக்கு இழுத்துப் போவான், தோலை உரிப்பான், பிறகு கத்தியின் முதுகால் பாறையில் மூன்று தட்டுத் தட்டிவிட்டு ஐம்பது அடி தள்ளி நிற்பான். அந்தத் தட்டுக்குத்தான் பாறுகள் இறங்கும். ஒரு காளையை முடிக்க அவற்றுக்கு முக்கால் மணி நேரம். தோல் ஈரோட்டு வியாபாரிக்குப் போகும், எலும்பு மாதம் ஒருமுறை லாரியில் போகும். மற்ற நாட்களில் அவன் சுப்பண்ணன் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தான். அந்தத் தோட்டத்து மூலையில் இருந்த சாளையில்தான் அவனும் அவன் மனைவி வள்ளியாத்தாளும் குடியிருந்தார்கள். ஓடு வேய்ந்த ஒற்றை அறை. மாரப்பனின் தெருக்காரர்கள் ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்க ஆரம்பித்து அப்போது பத்து வருஷம்கூட ஆகவில்லை. பாறைக்குழியில் மட்டும் அவன் என்றைக்கும் செருப்போடுதான் நடந்தான். அங்கே கேட்க ஆளில்லை.

ஊசி வந்தது அதற்கு மூன்று வருஷம் முன்னால். சீனிவாசலு என்பவர் மோட்டார் சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போய் மாட்டுக்கு ஊசி போடுவார். டாக்டர் இல்லை, ஆனால் டாக்டரைவிடச் சீக்கிரம் வருவார். அவர் கொண்டுவந்த வலி ஊசி ஒன்றைப் போட்டால், எழுந்திருக்க முடியாமல் கிடக்கும் கிழட்டுக் காளை மறுநாள் எழுந்து நின்று ஏர் இழுக்கும். மூன்று நாள், நான்கு நாள் இழுக்கும். பிறகு ஊசி தீர்ந்து விழுந்து சாகும். சாகிற மாட்டிடம் நான்கு நாள் உழைப்பு கூடுதலாக வாங்கலாம் என்பதால் எல்லோரும் போட்டார்கள். ஊசி போடும்போது காளையின் காலைப் பிடிப்பவன் மாரப்பன். அவனுக்கு முதுகுவலி உண்டு. ஒருநாள் பிடித்துக்கொண்டே முனகியபோது சீனிவாசலு அதே புட்டியிலிருந்து அதே ஊசியை அவன் இடுப்பிலும் போட்டுவிட்டார். மாட்டு வலியும் மனுச வலியும் ஒன்றுதான் என்றார். அவர் சொன்னது சரியாகவே இருந்தது. மாரப்பன் மறுநாள் எழுந்து மண்வெட்டி பிடித்தான். அதன் பிறகு மாதம் ஒன்று, பிறகு வாரம் ஒன்று.

பாறுகள் எதனால் செத்தன என்று படித்தவர்கள் கண்டுபிடித்துப் பத்திரிகையில் எழுதப் பல வருஷம் ஆயிற்று. மாரப்பனுக்கு ஒரே கோடையில் தெரிந்துவிட்டது. அவனுக்குப் படிப்பு இல்லை, ஆனால் எந்த மாட்டுக்கு ஊசி போட்டார்கள், எந்த மாட்டுக்குப் போடவில்லை என்பது காலைப் பிடித்தவனுக்குத் தெரியும். ஊசி போடாத மாட்டைத் தின்ற பாறு பறந்து போனது. ஊசி போட்ட மாட்டைத் தின்ற பாறு குழி ஓரத்துப் புளியமரத்தில் உட்கார்ந்து, கழுத்தைத் தொங்கப் போட்டு, மூன்றாம் நாள் பழம்போல விழுந்தது. அவன் சுப்பண்ணனிடம் போய்ச் சொன்னான்.

“பண்ணாடிங்க, ஊசி போட்ட மாட்டக் குழியில போட வேண்டாமுங்க. அதத் தின்ன கழுகெல்லாம் கழுத்தத் தொங்கப் போட்டுக்குதுங்க.”

“ஏன்டா மாரா, கழுகுக்கு டாக்டராயிட்டியா? நாளைக்குக் காக்காய்க்குக் கண்ணாடி போட்டு உடுவியா?”

“பொதைச்சரலாமுங்க.”

“இந்தச் சுண்ணாம்புப் பாறையில எவன்டா தோண்டறது? கெணத்துல ஒடைக்கக் கம்ப்ரசர் கெடைக்காம நானே மூணு மாசமா நிக்கறேன். உனக்குத் தெம்பிருந்தாத் தோண்டிக்க. நா வேண்டாங்கறனா?”

மாரப்பன் தோண்டினான். சடையம்புதூரில் ஒன்றரை அடிக்குக் கீழே பாறை. கடப்பாரை போட்டால் தெறித்துத் திரும்பிக் கைக்குள் இறங்கும். ஒரு காளை கொள்ளும் குழிக்கு வேலை முடிந்த பிறகு ஐந்து நாள் மாலை தேவைப்பட்டது, அதற்குள் மாடு நாறியது. அப்படியும் ஆறு மாடுகளைப் புதைத்தான். கூலி கிடையாது, யாரும் கேட்கவுமில்லை. ஏழாவதாகச் செத்தது சுப்பண்ணனின் செவலைக் காளை. செத்த அன்று மாரப்பன் காலையிலிருந்து வாழைக்கு வாய்க்கால் வெட்டியிருந்தான். முதுகு நிமிரவில்லை. ஊசி போட்டும் நிமிரவில்லை. தோலை உரித்தான், கடப்பாரையைப் பார்த்தான், காளையை அப்படியே பாறைக்குழிக்குள் தள்ளிவிட்டுச் சாளைக்குப் போய்ப் படுத்துக்கொண்டான். பாறையில் தட்டவில்லை. தட்டாவிட்டால் இறங்க மாட்டா என்று நினைத்தான். அவை இறங்கின. அதுவரை செத்தவை இருபத்து நான்கு, அன்று இறங்கியவை பதினேழு. மிச்சம் ஒன்றும் இல்லை.

நிழல்களுக்குப் பாறுகளின் புத்தி அப்படியே இருந்தது. எங்கே எது செத்தாலும் அங்கே போயின, வட்டமிட்டன, இறங்கி உட்கார்ந்தன. ஆனால் தின்ன முடியவில்லை. நாற்பத்தொரு நிழல்களும் செத்த மாட்டின்மேல் அடுக்கடுக்காக விழுந்து அதைக் கறுப்பாக்கிக்கொண்டு சாயங்காலம் வரை கிடக்கும், எழுந்து போகும். மாடு அப்படியே இருக்கும், ஊதும், வெடிக்கும். நாய்கள் பெருகின. ஊர்க்காரர்கள் நாற்றத்துக்கு மாரப்பனை ஏசினார்கள். களை எடுக்கும் பெண்களுக்கு மட்டும் நிழலால் பிரயோசனம் இருந்தது. சித்திரை வெயிலில் முதுகின்மேல் நிழல் ஒன்று போனால் அரை நொடி குளிரும். “இன்னொருக்காப் போ சாமி” என்பார்கள். மாரப்பனால் அவற்றைப் பார்க்க முடியவில்லை. தலையைக் குனிந்தால் தரையில் அவைதான் இருந்தன என்பதால் அவன் அந்த வருஷத்திலிருந்து கழுத்தை நிமிர்த்தியே நடந்தான். திமிர் வந்துவிட்டது என்று சிலர் நினைத்தார்கள்.

அதே வருஷங்களில்தான் மயில் பெருகியது. அதற்கு முன் மயில் என்றால் கோயில் மலையில் பார்ப்பது. குள்ளநரி இல்லாமல் போனதும் மயில் மலையிலிருந்து இறங்கி வேலிக்குள் குடிவந்தது. வனக்காவலர் திருமூர்த்தி ஒரு நோட்டில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். பாறு வருஷத்துக்கு ஒரு முட்டை இடும், மயில் ஐந்தாறு இடும். பாறு செத்ததைத் தின்னும், மயில் முளைத்ததைத் தின்னும். தக்காளியைக் கொத்தும், நிலக்கடலையைக் கிளறும், மிளகாயைக்கூட விடாது. பாறு வீட்டின்மேல் உட்கார்ந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பார்கள், மயில் உட்கார்ந்தால் முருகன் வந்தான் என்பார்கள். மயில் தேசியப் பறவை. சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. ஒரு மயில் செத்தால் அதிகாரி வர வேண்டும், டாக்டர் அறுத்துப் பார்க்க வேண்டும், துணி போர்த்திப் புதைக்க வேண்டும், ஏழு தாள் எழுத வேண்டும். பாறு அப்போது கீழே ஏதோ ஒரு பட்டியலில் கிளிக்கும் கொக்குக்கும் நடுவில் கிடந்தது. நாற்பத்தொன்று செத்ததற்கு ஒரு தாளும் எழுதப்படவில்லை. திருமூர்த்தி நேர்மையான ஆள். 1996 கணக்கெடுப்பில் மயில் 212, பாறு 0, நிழல் 41 என்று எழுதி அனுப்பினார். மேலிடத்திலிருந்து ஒரே ஒரு கேள்வியோடு தாள் திரும்பி வந்தது: நிழல்களில் ஆண் எத்தனை, பெண் எத்தனை?

1997 ஆனியில் சுப்பண்ணன் மக்காச்சோளத்தைப் பூச்சிமருந்தில் ஊறவைத்து வரப்பில் தூவினார். மூன்று வருஷமாக விதைத்ததில் பாதியை மயிலுக்குக் கொடுத்தவர் அவர், இரண்டு முறை மனுக் கொடுத்தும் பார்த்தவர். விடிந்தபோது ஒன்பது மயில்கள் கிடந்தன. மாரப்பனைக் கூப்பிட்டுப் புதைக்கச் சொன்னார். வாய்க்கால் ஓரத்தில் மண் இளக்கம், ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. மாரப்பன் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது நிழல்கள் வந்தன. முதலில் நான்கு, பிறகு எல்லாமும். புதைத்த இடத்தின்மேல் வட்டம் போட்டு ஒவ்வொன்றாக இறங்கின. அவற்றால் தின்ன முடியாது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தாலும், உள்ளே இருப்பது விஷம். ஒருமுறை படுத்துக்கொண்டு விட்டதற்குத்தான் இந்தக் கதி என்று அவன் மேல்துண்டை உருவி வீசி விரட்ட ஆரம்பித்தான். ஒன்றை விரட்டினால் ஒன்று இறங்கியது. காலை ஏழரையிலிருந்து பத்து மணிவரை விரட்டினான். அப்போது திருமூர்த்தி அந்த வழியாக டிவிஎஸ் வண்டியில் வந்தார்.

“என்ன மாரப்பா, காத்துக்குத் துண்டு வீசீட்டு நிக்கறே?”

“கழுக ஓட்டறனுங்க சார்.”

“கழுகு எங்கப்பா இருக்குது?”

“கீழ பாருங்க.”

திருமூர்த்தி கீழே பார்த்தார். நிழல் உட்காரும் இடத்தில் பிணம் இருக்கும் என்பது ஊருக்கே தெரியும், அவருக்கும் தெரியும். செருப்பு நுனியால் மண்ணைத் தள்ளினார். இளக்கமான மண். பச்சையும் நீலமுமாக ஓர் இறகு எட்டிப் பார்த்தது. “அட பாவி, நா இந்த வழியா வராமயே இருந்திருக்கலாம்” என்றார். பிறகு வண்டியை நிறுத்திவிட்டு நோட்டை எடுத்தார்.

அன்று மத்தியானம் சுப்பண்ணன் சாளைக்கு வந்தார். அவர் சாளை வாசலுக்கு வந்தது அதுவே முதல்முறை. வெற்றிலையை மடித்துக்கொண்டே பேசினார். தான் உள்ளே போனால் தோட்டத்தில் பதினாறு பேருக்கு வேலை இல்லாமல் போகும் என்றார். மாரப்பன் ஒப்புக்கொண்டால் வக்கீலைத் தானே வைப்பதாகவும், அவன் வரும்வரை சாளையில் ஓர் ஓடு கழலாது என்றும் சொன்னார். ஒப்புக்கொள்ளாவிட்டால் என்னவென்று அவர் சொல்லவில்லை. கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார், அவ்வளவுதான்.

“ஓடு கழலாதுங்க பண்ணாடி” என்றாள் வள்ளியாத்தாள். “ஆளு கழண்டு போயிருவாருங்களே.”

“வருசம் போறது தெரியாது அம்மணி.”

“உங்களுக்குத் தெரியாதுங்க.”

மாரப்பன் தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்தான். வன அலுவலகத்தில் திருமூர்த்தி வாக்குமூலம் எழுத உட்கார்ந்தபோது அவன் நின்றுகொண்டே சொன்னான். “ஒம்பது மயிலுங்க. நாந்தான் கொன்னனுங்க. அதோட நாப்பத்தொரு கழுகையும் சேத்தி எழுதிக்கோங்க.”

“அதுக்குக் கேசு இல்லியேப்பா. யாரும் புகார் குடுக்கல.”

“நாங் குடுக்கறனுங்க.”

“நீயே குத்தவாளி, நீயே புகார்தாரனா?”

“வேற யாருங்க பாத்தாங்க?”

திருமூர்த்தி பேனாவை மேசையில் வைத்தார். மயிலை இவன் கொல்லவில்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். பாறுகளைக் கொன்றதாக இவன் நம்புகிறான் என்பதும் அப்போது தெரிந்தது. மாட்டுக்கு மருந்து போடுவது குற்றமில்லை, மாடு சாவது குற்றமில்லை, செத்ததைப் பறவை தின்பதும் குற்றமில்லை என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். “குழி தோண்டாதது குத்தமில்லீங்களா?” என்று மாரப்பன் கேட்டான். அதற்குச் சட்டத்தில் இடமில்லை. எழுதாமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று அவன் சாயங்காலம் வரை நின்றான். கடைசியில் திருமூர்த்தி வாக்குமூலத்தின் கீழே பென்சிலால் நாற்பத்தொன்று என்று எழுதினார். மாரப்பன் கைநாட்டு வைத்தான். நீதிமன்றத்துக்குப் போகும் முன் பென்சில் எழுத்தை யாரோ ரப்பரால் அழித்திருந்தார்கள். ஒன்பது மயிலுக்கு ஒன்றரை வருஷம் கிடைத்தது.

அவனை ஏற்றிய வேன் பாலக்காட்டு ரோட்டில் போனபோது நிழல்கள் தார்மேல் கூடவே ஓடின. கோயமுத்தூர் ஜெயில் முற்றத்தில் அவை ஒன்றரை வருஷம் சுற்றின. அங்கே செத்தது எதுவும் இல்லை. மாரப்பனுக்காகத்தான் வந்திருந்தன, அவன் அதைப் புரிந்துகொண்டான். வாராவாரம் ஊசி போட்ட உடம்பு அவனுடையது. படுத்தால் செத்தான் என்று நினைத்து இறங்கிவிடும், இறங்கினால் தின்னப் பார்க்கும். எனவே பகலில் அவன் படுக்கவில்லை, உட்காரவுமில்லை. முற்றத்தின் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்துகொண்டே இருந்தான். காவலர் ஒருவர் காரணம் கேட்டபோது, “என்ற ஒடம்புல ஊசி இருக்குதுங்க. அதுக தின்னுபோட்டா என்னங்க பண்றது?” என்றான். காவலர் கீழே பார்த்தார், தலையாட்டினார், அதன் பிறகு கேட்கவில்லை. கோடையில் கைதிகள் நிழல்களைப் பின்தொடர்ந்து உட்காரும் இடத்தை மாற்றிக்கொண்டார்கள். துணி காயப்போடுகிறவர்கள் நிழல் போகாத மூலையாகப் பார்த்துப் போட்டார்கள்.

1999 தை மாதம் அவன் திரும்பி வந்தபோது சாளையில் ஓர் ஓடும் கழன்றிருக்கவில்லை. சுப்பண்ணன் சொன்ன சொல் தவறாதவர். அவர் காளைகளை விற்று டிராக்டர் வாங்கியிருந்தார். ஊரில் மாடு குறைந்துவிட்டது, மயில் முந்நூறைத் தாண்டியிருந்தது. மாரப்பனால் வேலை செய்ய முடியவில்லை. கால் வீங்கியது, மூத்திரம் நின்றது. ஆடியில் கழுத்து தொங்க ஆரம்பித்தது. வள்ளியாத்தாள் தாடையைப் பிடித்து நிமிர்த்துவாள், விட்டால் மறுபடி தொங்கும். அப்படித் தொங்கிய கழுத்துகளை அவன் நாற்பத்தொரு முறை பார்த்திருந்ததால் எத்தனை நாள் என்று கேட்க டாக்டரிடம் போகவில்லை. அப்போதும் பகலில் படுக்காமல் சாளைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூன்றாம் நாள், நின்றபடியே, பழம்போல விழுந்தான்.

அவன் வள்ளியாத்தாளிடம் சொல்லிப் போனது ஒன்றுதான்: ஏழடி. ஏழடிக்குக் குறைந்து புதைக்கக் கூடாது. அவன் தெருக்காரர்கள் எட்டுப் பேர் கடப்பாரையோடு இறங்கினார்கள். ஒன்றரை அடியில் பாறை வந்தது. ஒரு பகல் முழுக்க அடித்து இரண்டே கால் அடி போனார்கள். நிழல்கள் சாளையைச் சுற்றி வந்துகொண்டிருந்தன. பெண்கள் முறை வைத்துப் பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் விரட்டினார்கள். மறுநாள் காலை சுப்பண்ணன் வந்து எரித்துவிடலாமே என்றார். வள்ளியாத்தாள் மாட்டேன் என்றாள், அவர்கள் வழக்கம் புதைப்பது. அவர் கொஞ்சநேரம் குழியைப் பார்த்துவிட்டு டிராக்டரில் கம்ப்ரசரை மாட்டி அனுப்பிவைத்தார். பாறையில் துளை போட்டுக் கல்லை உடைத்து வெளியே தள்ளிச் சாயங்காலத்துக்குள் ஏழடி முடிந்தது.

“வேற ஏதாச்சும் வேணுமா அம்மணி?” என்று கேட்டார்.

“இந்த மிசினச் செவலைக்கே கொண்டாந்திருக்கோணுமுங்க” என்றாள் வள்ளியாத்தாள். சுப்பண்ணன் கம்ப்ரசர் சத்தம் நின்ற பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

நிழல்கள் மேட்டைச் சுற்றி மூன்று நாள் உட்கார்ந்தன. ஏழடிக்குக் கீழே இருப்பது அவற்றுக்கு எட்டவில்லை. நான்காம் நாள் எழுந்தன. அந்த மேட்டில் இப்போது ஓர் ஆண் மயில் காலையில் வந்து நின்று தோகை விரிக்கிறது, யாரும் விரட்டுவதில்லை, விரட்டினால் கேஸ்.

வள்ளியாத்தாள் இன்றைக்கும் களை எடுக்கப் போகிறாள். அவளுக்கு இந்த ஜன்மத்தில் ஒரு ஊசியும் போட்டதில்லை. ஆஸ்பத்திரி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் அறுபது வயசு ஆகிவிட்டது. மாரப்பன் செத்த வருஷம் மார்கழியில் குளிர்காய்ச்சல் கண்டு பல் கிடுகிடுக்கக் கிடந்தபோது சீனிவாசலு வீடு தேடி வந்தார். அவள் கையை முந்தானைக்குள் இழுத்துச் சுருட்டிக்கொண்டாள். “எனக்கு வேண்டாமுங்க. என்னையப் பொதைக்க வேண்டாம், குழியில போட்டு மூணு தட்டுத் தட்டுங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன். பாவம், அதுக தின்னு நாலு வருசமாச்சு” என்றாள். நிழலால் தின்ன முடியாதே என்று அவர் எடுத்துச் சொன்னார். “நல்ல கறி கெடைக்கலியே அதுகளுக்கு” என்றாள். காய்ச்சல் தானாகவே விட்டது. அன்றிலிருந்து அவள் போகும் இடமெல்லாம் நாற்பத்தொரு நிழல்களும் கூடவே போகின்றன, மற்றவர்கள் மேல் போவதைவிடக் கொஞ்சம் தாழ்வாக, வட்டத்தைச் சுருக்கிக்கொண்டு. சித்திரை மத்தியானத்திலும் அவள் மேல் வெயில் படுவதில்லை. கூட வேலை செய்யும் பெண்கள் அவளை ஒட்டியே வரிசை பிடிக்கிறார்கள்.